அம்மாவின் குரலில் இரண்டாம் பாதி

உலகத்தில் ஸ்பானிஷ் பேசுகிற அத்தனை கோடிப் பேரிலும், அந்த மொழியைக் கல்லூரியில் உட்கார்ந்து படிக்கத் துளியும் அவசியமில்லாதவன் ஒருவன் உண்டென்றால் அவன் காசிமிரோ ஒந்திவெரோஸ்தான். இதைச் சொன்னவன் காசிமிரோ ஒந்திவெரோஸ். நண்பர்களுக்கு மிரோ. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து மேற்கு மூலையில், மாட்டிறைச்சி ஆலையும் கல்லூரியும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கிற ஊரில், கல்லூரி உணவகத்தின் நடுமேசையில் இதை அவன் அறிவித்தபோது முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை.

"ரத்தத்துல ஓடுதுடா. ஊசி போட்டு எடுத்தா ஸ்பானிஷ்லதான் வரும்."

"அப்புறம் எதுக்கு அதையே துணைப்பாடமா எடுத்த?" என்றான் வெண்டல் கிராவுஸே. அவன் கோதுமைப் பண்ணைக்காரரின் மகன், மிரோவின் அறைத்தோழன். கல்லூரிக்கு வரும்வரை ஸ்பானிஷில் ஒரு வார்த்தை அறியாதவன்.

"சும்மா வர்ற மார்க்கை வேண்டாம்னு சொன்னா அது திமிருடா."

ஒரு சின்ன விவரத்தை மட்டும் மிரோ விட்டுவிட்டான். வீட்டில் அம்மா ஸ்பானிஷில் கேட்பாள். அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். பேசத் தொடங்கிய நாளிலிருந்து இப்படித்தான். அந்த ஊரில் பாதி வீடுகளில் இப்படித்தான் என்பதால் யாருக்கும் இது குறையாகத் தெரியவில்லை. அம்மா சொல்வது அவனுக்கு ஒன்றுவிடாமல் புரியும். அவள் சொல்லாமல் விட்டதும் புரியும். வாயிலிருந்து மட்டும் வெளியே வராது.

கல்லூரியில் 'வீட்டில் பேசி வளர்ந்தவர்கள்' என்று ஒரு பிரிவு இருந்தது. மிரோ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் அதில் சேர்ந்தான். பேராசிரியர் எச்சவாரியா ஸ்பானிஷில் எது கேட்டாலும், சரியான இடத்தில் சரியான அளவு தலையாட்டினான். நகைச்சுவைக்கு எல்லோருக்கும் முன்னால் சிரித்தான். கட்டுரைகளை அகராதியை வைத்துக்கொண்டு ஒப்பேற்றினான். பேச வேண்டிய நாட்களில் அவனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

ஆனால் கடைசித் தேர்வைத் தலையாட்டித் தாண்ட முடியாது. கல்லூரி வானொலியில், கால்பந்து ஆட்டத்தின் ஒரு பாதியை நேரடியாக ஸ்பானிஷில் வர்ணிக்க வேண்டும். வானொலிக்குத் தலையாட்டினால் கேட்காது. தேறாவிட்டால் மே மாதம் பட்டம் கிடையாது. அடுத்த ஆண்டு முதல்நிலை வகுப்பில், புதுப் பையன்களோடு உட்கார்ந்து 'என் பெயர் மிரோ, நூலகம் எங்கே இருக்கிறது' என்று ஒப்பிக்க வேண்டும். ஒந்திவெரோஸ் குடும்பத்துப் பையன்! ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் நிறைந்த ஆலை முழுக்கச் சிரிக்கும்.

வெண்டலுக்கும் அதே தேர்வுதான். அவன் பயிற்சியில் இறங்கினான். கண்ணில் படுகிறதையெல்லாம் ஸ்பானிஷில் வர்ணித்தான். துணி துவைக்கிற அறையில் இயந்திரத்தின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் மண்டியிட்டு, "சிவப்புக் காலுறை முன்னேறுகிறது! வெள்ளைச் சட்டை குறுக்கே பாய்கிறது! ஐயோ, நுரையில் மறைந்துவிட்டது!" என்று கத்துவான்.

"டேய், மெஷினுக்குக் காது கேக்காதுடா," என்றான் மிரோ.

"பரவால்ல. கிண்டலும் பண்ணாது."

மிரோ விடவில்லை. உணவகத்தில் அதை நடித்துக் காட்டி, மூன்று மேசைகளைச் சிரிக்க வைத்தான். அவன் பயிற்சி எதுவும் செய்யவில்லை. ரத்தத்தை நம்பினான்.

சனிக்கிழமை மைதானத்தின் வேலியை ஒட்டி ஊரே வண்டிகளை நிறுத்தியிருந்தது. ஆலையில் வேலை செய்கிறவர்கள் ஆட்டத்தை அப்படித்தான் பார்ப்பார்கள். வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து, வானொலியை முழுச் சத்தத்தில் வைத்து, பிடித்தால் ஹாரன் அடிப்பார்கள். அம்மாவின் நீல வண்டியும் அந்த வரிசையில் நின்றது.

முதல் பாதி வெண்டலுடையது. ஒரு பிழை இல்லை. வானிலை அறிக்கை கேட்கிற அமைதியோடு ஊர் அதைக் கேட்டது. ஒரே ஒரு ஹாரன்கூட ஒலிக்கவில்லை.

இரண்டாம் பாதிக்கு, மைதானத்துக்கு மேலே இருந்த வர்ணனை அறையில் மிரோ ஒலிவாங்கியைப் பிடித்தான். வாயைத் திறந்தான். எதுவும் வரவில்லை. ஆட்டம் தொடங்கியது, பந்து ஓடியது, வானொலி ஊமையாக இருந்தது. வண்டிகளுக்குள் கைகள் நீண்டு வானொலிப் பொத்தான்களைத் திருகுவது மேலிருந்தே தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேராசிரியர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

அப்போது கல்லூரி அணியின் வலதுபக்க ஆட்டக்காரன் பந்தைப் பின்னால் விட்டுவிட்டு, தனியாக வேகமாக ஓடினான். அதைப் பார்த்ததும் மிரோவின் உள்ளே எங்கிருந்தோ ஒரு குரல் எழும்பி, யாரையும் கேட்காமல் வாய் வழியே வெளியே வந்தது. சுத்தமான ஸ்பானிஷ்.

"எங்கடா ஓடற? அதை அப்படியே போட்டுட்டுப் போனா யாரு எடுத்து வைப்பா? நான் என்ன உனக்கு வேலைக்காரியா?"

வண்டி வரிசையில் ஒரு ஹாரன் அடித்தது.

மிரோ திகைத்துப்போனான். இது தன்னுடைய ஸ்பானிஷ் இல்லை. அம்மாவுடையது. தன் தலைக்குள் இத்தனை வருடம் சேர்ந்திருந்த ஸ்பானிஷ் முழுவதும் தான் வாங்கின திட்டுதான் என்பது அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. சரி, சரக்கு அதுதான் என்றால் அதையே விற்போம்.

பந்து எங்கே என்று தெரியாமல் தடுப்பாட்டக்காரன் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "இல்ல இல்லங்கற. நான் வந்து தேடி அது அங்கேயே இருந்துச்சுன்னா, அப்புறம் தெரியும் உனக்கு!"

நான்கைந்து ஹாரன்கள்.

எதிரணித் தலைவன் கீழே விழுந்து புரண்டு, நடுவரிடம் கையேந்திப் பெனால்டி கேட்டான். பர்கர் கடையைத் தாண்டும்போதெல்லாம் சின்ன மிரோ இப்படித்தான் கெஞ்சுவான். அன்று கிடைத்த பதிலையே அவனுக்கும் கொடுத்தான்: "அதெல்லாம் கிடையாது. வீட்டுல பீன்ஸ் இருக்கு."

வேலி முழுவதும் ஹாரன். கதவுகளைத் திறந்துகொண்டு ஆட்கள் வெளியே இறங்கிச் சிரித்தார்கள். அந்த வாக்கியத்தைக் கேட்காமல் அந்த வரிசையில் வளர்ந்தவன் ஒருவனும் இல்லை. நடுவர் பெயர் சலசார். அவரும் குனிந்து ஷூ லேஸைக் கட்டுவதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டார்.

ஆட்டம் முடிகிற நேரம். பந்தோடு நம் ஆள் தனியாகக் கோலை நோக்கிப் போனான், போனவன் தயங்கினான். மிரோ எழுந்து நின்றுவிட்டான்.

"மூணு எண்ணறதுக்குள்ள உள்ள போகணும், சொல்லிட்டேன். ஒண்ணு..."

வண்டிகள் அமைதியாகின.

"ரெண்டு... செருப்பைக் கழட்டறேன், பாத்துக்கோ..."

மூன்றை மிரோ சொல்லவில்லை. ஊர் சொன்னது. பந்து வலையில் மோதியது. ஹாரன் சத்தத்தில் ஆலைக் கொட்டகையில் மாடுகள் கத்தின.

பேராசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவை மூடினார். "பாஸ். இந்த சீசன் முழுக்க நீதான் பேசணும்னு ஸ்டேஷன்ல கேக்கறாங்க. ஆனா ஒண்ணு, மிரோ. முழுக்கத் திட்டாவே இருக்கு. நல்லா ஆடினவனைப் பாராட்டவும் வேணும். உங்க அம்மா பாராட்டினதே இல்லையா?"

"பாராட்டணும்னா இன்னொரு கரண்டி போடுவாங்க, புரொஃபசர். பேச மாட்டாங்க."

வெண்டல் ஓடி வந்து முதுகில் ஓங்கி அறைந்தான். "ஊசி போடாமயே வந்துருச்சேடா!"

கீழே அம்மா நீல வண்டியில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஊரே கேக்க என்னைப் பேயாக்கிட்ட."

"ஆமாம்மா," என்றான் மிரோ. "பசிக்குது."

இரண்டையும் ஸ்பானிஷில் சொன்னான். அம்மா வண்டிக் கதவைத் திறந்தாள்.

"இருபத்தோரு வருஷமா எங்க வெச்சிருந்த இந்த வாயை? ஏறு வண்டியில."

வீட்டில் அம்மா அக்கம்பக்கத்தாரின் பாராட்டைத் தொலைபேசியில் வாங்கிக்கொண்டிருந்தாள். மக்காச்சோள ரொட்டியைப் பார்த்துக்கொள்கிற வேலை மிரோவுக்கு வந்தது. கல்லின் மேல் ரொட்டி ஓரமாக ஒரு கொப்புளம் விட்டது. மிரோ கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. ரொட்டியின் மேல் குனிந்து, தாழ்ந்த குரலில், ஸ்பானிஷில் ஆரம்பித்தான்.

"வலது ஓரத்துல எழும்புறான்... நடுவுக்கு வர்றான்... விடாத, விடாத... அடடா, என்ன அழகு! நீதான்டா ராசா!"