கட்டைவிரல் இருந்த மூலை

தனபாக்கியம் பெட்டியிலிருந்து படம் பிடித்த கண்ணாடிகளை ஒவ்வொன்றாக உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் அவள் புருஷன் பரந்தாமன் கிடத்தப்பட்டிருந்தார். விடிகிற நேரத்தில் உயிர் போயிருந்தது. வேலூரிலிருந்து ஆம்பூர் வரைக்கும் தோல் வியாபாரி, பாதிரியார், கச்சேரி குமாஸ்தா என்று ஒருவரையும் விடாமல் படம் பிடித்த மனுஷனுக்குத் தன் படம் ஒன்று இல்லை. எப்போதோ ஒரு தடவை வெளிச்சம் சரிபார்க்க அவரே நாற்காலியில் உட்கார, இவள் காமிராவின் மூடியைக் கழற்றி மாட்டி அவரை ஒரு கண்ணாடியில் பிடித்தாள். அந்தக் கண்ணாடியைத்தான் கொழுந்தன் கங்காதரன் தேடச் சொல்லியிருந்தான். துக்கத்துக்கு வந்திருந்த ஆம்பூர் படக்காரர் ஷபீ அஹமது, அதைக் கையோடு கொண்டுபோய்க் கருமாதிக்குள் படம் போட்டு அனுப்புவதாகச் சொன்னாராம்.

கண்ணாடியில் எல்லாம் தலைகீழ். துரைமார் கரிக்கட்டையாகவும், நம் ஆட்கள் சுண்ணாம்பு அடித்தது மாதிரியும் இருப்பார்கள். கல்யாணமான புதிதில் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்ததற்காக மாமியாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவள் அவள். பிறகு இருட்டறையில் அவருக்கு மருந்துப் புட்டி எடுத்துக்கொடுத்து, தண்ணீர் ஊற்றி, விரலெல்லாம் கறுத்துப்போய் அந்த வேலையில் பாதியைக் கற்றுக்கொண்டாள்.

பெட்டியின் அடியில் பழைய வேட்டித் துணியில் சுற்றி ஒரு கண்ணாடி இருந்தது. பிரித்து வெளிச்சத்தில் பிடித்தாள். அவள் பிள்ளை தனகோடி. முகம் சாம்பல், முடி வெள்ளை என்றாலும் தெரியாதா? வெள்ளிக்கிழமை தவறாமல் பூ வைத்துக் கும்பிடும் படம்தானே.

தனகோடிக்கு அம்மை கண்டபோது அவளுக்கும் கண்டிருந்தது. ஓர் அறையில் வேப்பிலைமேல் அவள் கிடக்க, அடுத்த அறையில் பிள்ளை போய்விட்டான். பாலாற்றங்கரையில் புதைத்ததுகூட, அம்மை இறங்கி அவளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் தெரியும். "கடைசியா படம் புடிச்சி வெச்சிருக்கேன்" என்று பரந்தாமன் இந்தப் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். முகம் வேறு மாதிரி இருக்கிறதே என்று கேட்டாள். வடுக்களையெல்லாம் பென்சிலால் தொட்டு மறைத்ததில் அப்படித் தெரிகிறது என்றார். இன்னொரு படம் கேட்டதற்குக் கண்ணாடி உடைந்துவிட்டது என்றார்.

உடையவில்லை. இதோ முழுசாக இருக்கிறது. சாவு வீட்டில் வரக்கூடாத சந்தோஷம் ஒன்று அவளுக்கு வந்தது. கண்ணாடியை இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கினாள்.

அப்போதுதான் அந்த மூலையைப் பார்த்தாள். மூலையில் ஒரு கட்டைவிரல் அளவுக்குப் படம் பதிகிற மருந்தே இல்லை, வெறும் கண்ணாடி. ஓரங்களில் மருந்து கோணல்மாணலாக வழிந்து உறைந்திருந்தது. அது கையால் மருந்து ஊற்றிய காலத்துக் கண்ணாடி. ஒரு மூலையைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு மருந்தை நாலு பக்கமும் ஓடவிடுவார். விரல் இருந்த இடத்தில் மருந்து ஏறாது. மதராஸிலிருந்து மருந்து பூசின கண்ணாடி பெட்டி பெட்டியாக ரயிலில் வர ஆரம்பித்ததும் அந்த வேலையை அவர் விட்டுவிட்டார். அதற்குப் பிறகுதான் தனகோடி பிறந்தான்.

இல்லை, பழைய கண்ணாடி ஏதாவது மிச்சம் இருந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தாள். பென்சில் பட்ட இடம் சாய்த்தால் பளபளக்கும். நெற்றி, கன்னம், மூக்கு, எங்கேயும் ஒரு கீறல் இல்லை. மறைப்பதற்கு அந்த முகத்தில் வடுவே இருந்ததில்லை. யாரோ ஒரு பிள்ளை சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் தூங்குகிற பிள்ளையைத்தான் ஆடாமல் படம் பிடிக்க முடியும்.

அந்தப் பிள்ளை இந்நேரம் மீசை முறுக்கிக்கொண்டு வாணியம்பாடியில் ஏதாவது தோல் கிடங்கில் அதிகாரம் பண்ணிக்கொண்டிருக்கும். அவனுக்குத்தான் இவள் வருஷா வருஷம் படையல் போட்டிருக்கிறாள். எழுந்து போய்க் கூடத்தில் கிடப்பவரை உலுக்கிக் கேட்கவேண்டும் போலிருந்தது.

நாத்தனார் சம்பூர்ணம் வந்து, குளிப்பாட்டி முடித்துவிட்டார்கள் என்று கூப்பிட்டாள். தனபாக்கியம் கண்ணாடியை அவள் முன்னால் நீட்டினாள்.

"இது யாரு புள்ள?"

சம்பூர்ணம் கண்ணாடியைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள்.

"ஒனக்குத் தெரியும்" என்றாள் தனபாக்கியம்.

"நீங்க பொழைக்கணும்னுதான் அண்ணி. புள்ளய காட்டு, புள்ளய காட்டுன்னு கஞ்சிகூட குடிக்காம கெடந்தீங்க. அந்த மொகத்த அண்ணனால புடிக்க முடியல. காமிராவ வெச்சி வெச்சி, மூடிய கழட்டாமலே நகத்திட்டாரு."

வீட்டில் எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. எல்லாரும் சேர்ந்துதான் அந்தப் படத்துக்குக் கற்பூரம் காட்டியிருக்கிறார்கள்.

தனபாக்கியம் கண்ணை மூடித் தன் பிள்ளையைக் கூப்பிட்டாள். இடுப்பில் உட்கார்ந்திருந்த கனம் வந்தது. தலையில் வைத்த விளக்கெண்ணெய் வாசனை வந்தது. முகம் என்று வந்தபோது இந்தத் தூங்குகிற பிள்ளைதான் வந்தது. மறுபடி கூப்பிட்டாள், மறுபடியும் இதுவே. பொய் சொன்னதைக்கூட மன்னித்துவிடலாம். பெற்ற பிள்ளையின் முகத்தை அழித்துவிட்டுப் போயிருக்கிறார்.

சம்பூர்ணத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ அவன தூக்கி வளத்தவ. எப்டி இருப்பான்? சொல்லு."

"நம்ம தனகோடியா?" சம்பூர்ணம் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நெத்தி ஏந்தலா இருக்கும். முடி சுருட்ட சுருட்டயா அதுல வுழும். ஒரு காது மட்டும் கொஞ்சம் மடிஞ்சாப்ல…"

தனபாக்கியம் குனிந்து கண்ணாடியைப் பார்த்தாள். நெற்றியில் வெள்ளைச் சுருள்கள். தலையணை அழுத்தியதில் ஒரு காது மடிந்திருந்தது. சம்பூர்ணமும் பார்த்தாள். அவள் சொன்னதும் இந்தப் பிள்ளையைத்தான்.

"மொகம் பாக்கறவங்க எல்லாம் வந்து பாத்துக்குங்க, நேரமாவுது" என்று வாசலிலிருந்து கங்காதரன் குரல் கொடுத்தான்.

தனபாக்கியம் கண்ணாடியைப் பெட்டிமேல் வைத்துவிட்டு வந்து பரந்தாமனின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அவள் அழுவாள் என்று பெண்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள். அவள் அழவில்லை. தனகோடி அப்பனை உரித்து வைத்திருக்கிறான் என்று அந்த நாளில் தெருவே சொன்னது. நெற்றித் திருநீற்றை முந்தானையால் துடைத்தாள். மாலையை விலக்கினாள். மோவாயைச் சுற்றிக் கட்டியிருந்த துணி பாதி முகத்தை மறைத்தது; அதன் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

"வுடுங்கம்மா, நல்லா பாத்துக்கட்டும்" என்றாள் ஒருத்தி. "எத்தினி வருஷம் ஒண்ணா இருந்தவங்க."

கட்டு அவிழ்ந்ததும் வாய் லேசாகத் திறந்துகொண்டது. தனபாக்கியம் அவர் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள்.