ஜன்னலோரம் இரண்டு காபி

நடைக்குழுத் தலைவர் கலேவி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, சவப்பெட்டியின் காலடியில் மலர்வளையத்தைச் சாய்த்துவைத்தார். அந்த ஊர் வழக்கப்படி, பூ வைக்கிற எவரும் எழுதிக் கொண்டுவந்ததை வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் நகர வேண்டும். கலேவிக்கு இந்த மாதிரி வேலை என்றால் குரல் தானாக ஏறிவிடும்.

"இருட்டுக் காலத்திலும் ஒரு காலைகூடத் தவறாமல் நடந்த தாவ்னோவுக்கு."

முன்வரிசையில் தாவ்னோவின் மனைவி ஐலா தன் கறுப்புக் கையுறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் மிர்வா அம்மாவின் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். பெருமையில்தான் பிடித்தாள். ஐலாவுக்குக் கன்னம் எரிந்தது.

தவறவில்லை என்பதென்னவோ உண்மை. இலையுதிர் காலத்தில் தாவ்னோவுக்கு நெஞ்சுவலி வந்துபோனது. வெயில் காலத்தில் யார் வேண்டுமானாலும் நடப்பார்கள், காலை பத்து மணிக்கும் விடியாத குளிர்காலத்து இருட்டு மாதங்களில்தான் விட்டுவிடக் கூடாது என்றார் டாக்டர். ஓவ்லு நகரத்தில் பிசியோதெரபிஸ்டாக இருக்கும் மிர்வா, அப்பா நடந்தாரா என்று காலைதோறும் போன் செய்தாள். கணவனும் மனைவியும் இருட்டில் பளபளக்கும் பட்டை வைத்த மேலங்கியும் ஆளுக்கு இரண்டு நடைப்பயிற்சிக் கோலுமாகப் படையெடுப்பதுபோலக் கிளம்பினார்கள். அவர்கள் கிளம்புவதைப் பார்த்து ஊரே மெச்சியது.

ஐலாவுக்கு நவம்பர் வந்துவிட்டால் உடம்பு ஈயக்குண்டாகிவிடும். முதல் நாள் தெருமுனையில் தாவ்னோ ஏரிப் பாதைப் பக்கம் திரும்பினார். அவள் அவருடைய கையைப் பிடித்து எதிர்ப்பக்கம் இழுத்தாள்.

"இந்த இருட்டுல வழுக்கி விழுந்து இடுப்பை ஒடிச்சுக்கணுமா? பெட்ரோல் பங்க்ல ஒரு காபி குடிச்சுட்டுப் போலாம், வாங்க."

மறுநாளும் அவர் ஏரிப் பக்கம்தான் திரும்பினார். மறுநாளும் அவள் இழுத்தாள். அதன்பிறகு இழுக்க வேண்டியிருக்கவில்லை. ஜனவரியில் ஒரு காலை, நடக்கக் கிளம்பக் காலுறை மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

கலேவி உட்கார்ந்த பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். பெட்ரோல் பங்க் காபிக்கடைச் சீருடைக்கு மேலேயே கறுப்புக் கோட்டைப் போட்டிருந்தாள். தார்யா. காலைதோறும் ஐலாவுக்கும் தாவ்னோவுக்கும் காபி ஊற்றித் தந்தவள். தார்யா ஒரு வெள்ளை ரோஜாவை வைத்துவிட்டு அட்டையைப் பிரித்தாள். இதை மறைக்க வேண்டும் என்று அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

"தாவ்னோவுக்கு. ஜன்னலோரம் இரண்டு காபி, இரண்டு சர்க்கரை டோனட். இந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் காலைகள் உங்களோடுதான் விடிந்தன."

தேவாலயத்தில் யாரோ இருமினார்கள். முழங்கையில் இருந்த மகளின் பிடி தளர்ந்தது.

சர்ச் கூடத்தில் எல்லோருக்கும் காபி ஊற்றினார்கள். தார்யா வந்து ஐலாவுக்கும் மிர்வாவுக்கும் எதிரில் உட்கார்ந்தாள்.

"போன்ல மூச்சு வாங்கினாரேம்மா," என்றாள் மிர்வா. "ஏரியைச் சுத்திட்டு வந்த மூச்சுன்னுல்ல நினைச்சேன்."

"நீ போன் பண்ற நேரத்துக்கு, நின்ன இடத்துலயே குதிப்பாரு."

மிர்வாவுக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே வேறு ஏதோவாக உடைந்துபோனது. "அந்த மூச்சைக் கேட்டாதான்மா எனக்கு நாளே நகரும்."

ஐலா தலை நிமிரவில்லை. நான்தான் இழுத்துக்கொண்டு போனேன் என்று சொல்ல வேண்டும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"அப்பா வேலைதானே இதெல்லாம்?" என்றாள் மிர்வா. "இனிப்புன்னா உயிரை விடுவாரு. நீ வேணாம்னு சொல்லியிருப்ப. அவரு எங்க கேப்பாரு?"

எதிரில் தார்யாவின் கரண்டி நின்றது. முதல் நாள் கடை வாசலில் மேலங்கியைக் கழற்றாமல் நின்று, முதல்ல நடந்துட்டு வந்துடலாமே ஐலா என்று தாவ்னோ கெஞ்சியதைக் கேட்டவள் அவள். ஐலா அவளைப் பார்த்தாள். தார்யா பாலும் சர்க்கரையும் போடாத காபியை மறுபடி கலக்க ஆரம்பித்தாள்.

"கேக்கவே மாட்டாரு," என்றாள் ஐலா.

சொல்லி முடித்ததும் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. மாற்றிச் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் மிர்வா நாற்காலியை இழுத்துக்கொண்டு நெருங்கி வந்துவிட்டாள்.

"எல்லாத்தையும் தனியா வெச்சுக்கிட்டு எவ்வளவு தவிச்சிருப்பம்மா. ஐயோ, இந்தக் குளிர்ல உனக்கு இப்படி வேர்த்துக் கொட்டுது பாரு."

மேசையிலிருந்த காகிதக் கைக்குட்டையை எடுத்து அம்மாவின் நெற்றியைத் துடைத்தாள். பிறகு கழுத்தைத் துடைத்தாள். ஐலா கண்ணை மூடிக்கொண்டு, துடைப்பதற்கு வாகாக முகவாயைத் தூக்கிக் கொடுத்தாள்.