அக்காவின் குதிகாலுக்குப் பின்னால்

...அப்படியென்றால் இத்தனை நாளும் நீந்தியது யார், இவளா, இல்லை இவளை இழுத்துக்கொண்டு போன தண்ணீரா, நீச்சல் மாஸ்டர் விசில் ஊதிவிட்டார், சுவரை உதைத்தாகிவிட்டது, இப்போது போய் இது ஒரு யோசனையா... இன்றைக்கு நேரத்துக்குள் எதிர்ச்சுவரைத் தொடாவிட்டால் அணியில் இடம் கிடையாது, அதை மட்டும் நினை, கையை நீட்டு, தண்ணீரைப் பின்னால் தள்ளு, தள்ளினால் அது உன்னை முன்னால் தள்ளும், கணக்கு அவ்வளவுதான். ஆனால் தண்ணீர் ஏன் இப்படிக் கனக்கிறது? அக்கா வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனதிலிருந்தே இப்படித்தான். ஒரே லேனில் அக்கா முன்னால், இவள் பின்னால், அக்காவின் குதிகால் கிளப்பும் குமிழிகள் விரலில் படுகிற தூரம்... முன்னால் போகிறவர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவார், பின்னால் வருகிறவருக்குத் தடை குறையும், அந்த நீரே கூட இழுத்துக்கொண்டும் போகும். "ஓசியிலயே வர்றியே வாத்து, ஒரு நாளாவது இறங்கி நடடி" என்பாள் அக்கா. "நீ ஆமை மாதிரி போனா நான் ஒட்டிக்கிட்டுதான் வரணும்" என்று இவளும் விடமாட்டாள்.

"தலையை இறக்கும்மா! யாரைத் தேடுறே?" கரையிலிருந்து மாஸ்டர். ஐயோ, ஆமாம், தேடுகிறாள், அந்த இரண்டு கால்களைத் தேடி முகம் தானாகவே நிமிர்கிறது, தலை தூக்கினால் இடுப்பு அமிழும், இடுப்பு அமிழ்ந்தால் மொத்த உடம்பும் தண்ணீருக்கு எதிரே கதவு மாதிரி நிற்கும்... கீழே பார், தரையில் இருக்கும் கறுப்புக் கோட்டைப் பார், மூச்சு விடு. வேகத்தைக் கூட்டக் கூட்டத் தண்ணீரும் முரண்டு பிடிக்கிறது, இரண்டு மடங்கு போனால் நாலு மடங்கு தடுக்குமாம், என்ன நியாயமோ இது... தோள் எரிகிறது, பக்கத்து லேனில்கூட ஒரு ஆள் இல்லை, இன்னும் கொஞ்சம், இன்னும்... சுவர்.

"தேறிட்டே போ, மயிரிழையில" என்று மாஸ்டர் கடிகாரத்தைக் காட்டினார். "அக்கா இல்லாம நீ முங்கிடுவேன்னுல்ல எல்லாரும் சொன்னாங்க!"

சிரிக்க வேண்டும், சிரிப்பு வரவில்லை, தோளுக்குள் ஊசி ஊசியாய்... அக்காவும் பயிற்சி முடிந்து வீட்டுக்கு வந்ததும் சுடுதண்ணீர்ப் பையைத் தோளில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாள், பேச்சுக் கொடுத்தால் அப்புறம்டி என்பாள், சும்மா நடிக்கிறாள் என்றுதான் இவள் நினைத்திருந்தாள்... இத்தனை வருஷமும் அவளுக்கு இவ்வளவு கனமா? அவளுக்கு முன்னால் யார் இருந்தார்கள்? இவ்வளவு வலித்தும் ஒரு நாள்கூட அவள், நீ முன்னால போடி என்று சொன்னதில்லை... இவளும், நான் போறேன்க்கா என்று சொன்னதில்லை.