விரல் கிடைக்காத ஆல்பம்

பஸ் ஆலப்பாக்கம் தாண்டியதும் அடைக்கலராஜ் இயர்போனைக் காதில் செருகி, அந்தப் பாட்டின் கடைசிப் பகுதியை மறுபடியும் ஓடவிட்டார். ஜன்னலுக்கு வெளியே சவுக்குத் தோப்புகள் போயின. கிதார் செக்குமாடு மாதிரி ஒரே இடத்தைச் சுற்றி வந்தது. பாடுகிறவன் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னான். ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போய் நின்று சொல்வது போலிருந்தது. பிறகு அதுவும் தேய்ந்து, பஸ்ஸின் இரைச்சல் மட்டும் மிஞ்சியது. ஏதாவது ஒன்று அகப்படாதா என்றுதான் தேடிக்கொண்டிருந்தார். நண்பன் இளவரசுவிடம் கொண்டுபோய், இந்தா பார், இதற்காகத்தான் என்று காட்டக்கூடிய ஒன்று. புதுச்சத்திரம் வந்தும் அகப்படவில்லை.

அந்தப் பாட்டுக்கு இப்படியொரு வால் இருப்பதே போன ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்குத் தெரியும். பூசை முடிந்து கடலூர் செம்மண்டலத்து வீட்டில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தபோது, மகள் சகாய பிரியா, "அப்பா, உங்க கோல் ஹார்பர் போன்ல மொத்தமா வந்துருக்குப்பா" என்று சத்தமாகப் போட்டுவிட்டுக் குழம்பைக் கிளறப் போனாள். கோல் ஹார்பர் என்ற வெளிநாட்டு இசைக்குழு போட்ட 'படகு' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு. நிற்கவேண்டிய இடம் வந்தது. நிற்கவில்லை. போனில் ஏதோ கோளாறு என்று நினைத்து அவர் எழுந்தே போய்ப் பார்த்தார்.

அண்ணாமலைப் பல்கலைக்கழக விடுதியில் அவரும் இளவரசுவும் ஒரே அறை. மேல வீதியில் கேசட் பதிந்து கொடுக்கிற கடை ஒன்று இருந்தது. தொண்ணூறு நிமிடக் கேசட் விலை ஜாஸ்தி என்று இவர்கள் அறுபதில் பதியச் சொன்னார்கள். கடைக்காரரும் ஆல்பத்தின் நீளத்தைப் பார்க்காமல் பதிந்து கொடுத்துவிட்டார். பாடகனின் குரல் உச்சிக்கு ஏறி, ஒரு சொல்லின் பாதியில், கயிறு அறுந்தது போல நிற்கும். அதைத்தான் இசைக்குழு வைத்த முடிவு என்று இரண்டு பேரும் நம்பினார்கள். "இதாண்டா முடிவு. இழுக்காம, யாருகிட்டயும் கெஞ்சாம" என்று முதல் நாளே இளவரசு சொன்னான். கேசட் தேய்ந்தபோது அதைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டான். அந்த அறுந்த முடிவும் கூடவே ஏறிக்கொண்டது. அடைக்கலராஜுக்கு அந்த ஆல்பம் பிடிக்காது. அதனால் தேடிப்போய்க் கேட்கவே இல்லை.

கோல் ஹார்பர் போட்டது ஆறு ஆல்பங்கள். படகு, சிவப்பு, குதிரை என்பதெல்லாம் அட்டைப் படத்தைப் பார்த்து இவர்கள் வைத்த பெயர்கள். கையில் இருப்பது ஐந்து விரல். வருஷா வருஷம் ஆனித் தேர் ஓடுகிற அன்று அடைக்கலராஜ் சிதம்பரம் வருவார். கீழே வீதியில் வடம் இழுக்கிற கூச்சல் கேட்க, இளவரசு வீட்டு மாடி அறையில் இருவரும் கையை நீட்டி விரல்களைப் பங்கு போடுவார்கள். கட்டைவிரல் முதலிடம். ஆறாவது ஆல்பத்துக்கு விரல் கிடையாது. இளவரசுவின் கட்டைவிரல் என்றைக்கும் படகுக்கு. அடைக்கலராஜின் கையில் படகுக்கு என்றைக்குமே இடமிருந்ததில்லை. கல்யாணங்கள் நடந்தன, பிள்ளைகள் வளர்ந்தார்கள், அந்தச் சண்டை மட்டும் தீரவில்லை.

நேற்று காலை இளவரசுவின் மனைவி மாலதி போன் செய்தாள். "இந்த வாரம் ரெண்டு தடவையும் டயாலிசிஸ் போவலண்ணா. மூச்சு வாங்குது. போதும்றாரு. ஏன்னு கேட்டா அந்தப் பாட்டைச் சொல்றாரு. அது மாதிரி பாதியில நிக்கட்டும்றாரு. நீங்க சொன்னா கேப்பாருண்ணா."

இளவரசு வீட்டு வாசலில் ஆட்டோ ஒன்று நின்றிருந்தது. "மனசு மாறுனா உடனே கூட்டினு போலாம்னு வரச்சொன்னேன்" என்றாள் மாலதி. அவள் தோளில் பை தயாராகத் தொங்கியது.

இளவரசுவை முன்னறைக்கே இறக்கிவிட்டிருந்தார்கள். இரும்புக் கட்டிலில், தலையணைகளை முதுகுக்கு அடுக்கி உட்கார்ந்திருந்தான். முகம் ஊதி, கண்கள் சிறுத்துப் போயிருந்தன.

"வாடா கடலூரு. குளிச்சியா? குடிகாட்டு கெமிக்கல் கம்பெனி நாத்தம் தெருமொனையிலியே வந்துச்சி."

"மூக்காவது வேலை செய்யுதே மச்சான், சந்தோசம்."

இளவரசு சிரிக்கப் போய் இருமினான். அடங்க நேரமாயிற்று. "கையை நீட்டு" என்றான்.

"இன்னிக்கு ஏதுடா தேரு?"

"அடுத்த தேருக்கு யாரு இருக்கப்போறா. நீட்டு."

அடைக்கலராஜ் நீட்டினார். கட்டைவிரலைச் 'சிவப்பு'க்குக் கொடுத்தார். அடுத்தது 'குதிரை'. நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் வழக்கமான பெயர்களே வந்தன. சுண்டுவிரலில் நின்றார். "படகு" என்றார்.

இளவரசுவின் முகம் மாறியது. "என்னாது?"

"படகுதான்."

"இத்தினி வருசமா இல்லாம இன்னிக்கு என்னா? சாவப்போறான்னு பிச்சை போடுறியா? மடக்குடா அந்த விரலை."

அடைக்கலராஜ் மடக்கவில்லை. பஸ்ஸில் யோசித்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் வாயில் வரவில்லை. "அந்தக் கடைசிப் பாட்டு அங்க முடியலடா. டேப்புதான் முடிஞ்சிபோச்சி" என்றார்.

உள்வாசலில் நின்ற மாலதி நிலையைப் பிடித்துக்கொண்டாள். இளவரசு அவளைப் பார்த்தான். பிறகு இவரைப் பார்த்தான்.

"இவ சொல்லிக்குடுத்தாளா?"

"பிரியா போட்டா, ஞாயித்துக்கெழமை. நானும் நம்பல. கேட்டுப்பாரு."

"மிச்சம் எவ்ளோ இருக்கு?"

"மூணு நிமிசம்."

"அதுல என்னா இருக்கு?"

இந்த இடத்தில் ஒரு பொய் சொன்னால் போதும் என்று அடைக்கலராஜுக்குத் தெரிந்தது. பிரமாதம்டா, கேட்டா அழுதுடுவ என்று ஒரு வார்த்தை. மாலதியின் கண்களும் அதைத்தான் கேட்டன. ஆனால் இவன் காது பொல்லாத காது. கேட்ட மறுநிமிடம் பொய் என்று கண்டுபிடித்துவிடுவான். அப்புறம் அந்த ஆட்டோவுக்கு வேலையிருக்காது.

"ஒண்ணும் இல்லடா. அதே வரிதான், திருப்பித் திருப்பி. கொஞ்சங் கொஞ்சமா சத்தம் கம்மியாவுது."

மாலதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இளவரசு வீங்கிய கையைத் தொடைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஊசி குத்திக் குத்தி, முழங்கைக்குக் கீழே நரம்பு கயிறு மாதிரிப் புடைத்திருந்தது.

"ஏமாத்திட்டான்டா அந்தக் கடைக்காரன்" என்றான் கடைசியில். "இல்ல, என்னை நானே ஏமாத்திக்கினேனா." பிறகு, "போடு" என்றான்.

அடைக்கலராஜ் இயர்போனைத் துடைத்து அவன் காதுகளில் வைத்தார். பாட்டை முதலிலிருந்து போட்டார். இளவரசு கண்ணை மூடிக்கொண்டான். ஆள்காட்டி விரல் கட்டில் சட்டத்தில் தாளம் போட ஆரம்பித்தது. விடுதிக் கட்டிலில் போட்ட அதே தாளம், அதே விரல். இப்போது கொஞ்சம் பிந்தி விழுந்தது. இயர்போனிலிருந்து கசிகிற மெல்லிய இரைச்சலை வைத்துப் பாட்டு எங்கே போகிறது என்று இவருக்குத் தெரிந்தது. குரல் ஏறியது. இன்னும் ஏறியது. போன் இவர் கையில்தான் இருந்தது. கட்டைவிரலால் ஒரு தொடு தொட்டால் பழைய இடத்திலேயே நின்றுவிடும். அவர் போனைக் கட்டிலின்மேல் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

அந்த இடம் வந்தது. தாளத்துக்காக மேலே போன இளவரசுவின் விரல் கீழே இறங்கவில்லை. அப்படியே நின்றது. கண்கள் திறக்கவில்லை. இரைச்சல் மட்டும் நிற்காமல் கசிந்துகொண்டிருந்தது.

வாசலில் ஆட்டோக்காரர் ஒருமுறை ஹாரன் அடித்தார். மாலதி தோள் பையை இறுகப் பிடித்தபடி, அடுத்த தாளத்துக்கு இறங்குமா என்று அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். லேசாக நடுங்கிக்கொண்டு, சட்டத்துக்கு ஒரு சாண் மேலே, அது அந்தரத்தில் நின்றது.