வாசல் மரத்துப் பூச்சி

மாமியாரின் மூச்சு நின்ற பிறகும் மருமகளின் கை நிற்கவில்லை. போர்வை மேல் ஊர்ந்த சிவப்புப் பூச்சிகளைச் சின்ன பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகச் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். நசுக்கக் கூடாது. நசுக்கினால் கறை பிடிக்கும், நாற்றமும் லேசில் போகாது.

"விடேன். டாக்டரே வந்து பாத்துட்டுப் போயிட்டாரு. இனிமே எதுக்கு?" என்றான் கணவன், கதவருகே நின்றபடி.

"உங்க தங்கச்சி வந்துட்டே இருக்கா. எங்கம்மாவப் பூச்சிக்குத் தின்னக் குடுத்துட்டாங்கன்னு ஊரக் கூட்டிடுவா."

தங்கை பேச்சு வந்தால் அவன் வாய்க்கு எப்போதுமே பூட்டுதான்.

பூச்சி வந்ததே அந்தத் தங்கையின் மரத்திலிருந்து. கல்யாணத்துக்கு முன்னால், அழகுக்கென்று ஜன்னலுக்கு நேரே அவள் நட்டது. பூ உதிர்ந்ததும் கொத்துக்கொத்தாய் விதை பிடிக்கும். விதையை உறிஞ்சப் பூச்சி வரும். குளிர் தொடங்கியதும் வெயில் படும் சுவரில் அப்பிக்கொண்டு, இடுக்கு வழியாக உள்ளே நுழையும். மருமகள் என்னதான் செய்யவில்லை? உதிர்ந்த விதைகளைக் கூட்டி அள்ளினாள். குழாய் பிடித்துச் சுவரைக் கழுவினாள். இடுக்குகளில் டேப் ஒட்டினாள். ஜன்னலைச் சாத்த மட்டும் முடியவில்லை. சாத்தினால் மாமியார் சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள்.

வெட்டிவிடலாமா என்று போனில் கேட்டதற்கு, "பூச்சிக்குப் பயந்து யாராவது மரத்த வெட்டுவாங்களா? நல்லா இருக்கே உங்க நியாயம்!" என்று நாத்தனார் வைத்துவிட்டாள்.

இப்போது வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. அழ வாய் திறந்த நேரத்தில் தலையணையில் ஒரு பூச்சியைப் பார்த்துவிட்டாள். பட்டென்று அடித்தாள். உறையில் செம்மஞ்சளாய்க் கறை.

"என்னண்ணா இது? இதுக்குள்ளயா அம்மா கெடந்தாங்க? வீட்ல பாக்க ஆள் இருந்தாங்களா, இல்லையா?"

அண்ணன் தரையைப் பார்த்தான். மருமகளிடம் இதற்கெல்லாம் பதில் இருந்தது. எடுத்துப் பேசத்தான் தெம்பில்லை.

"வெந்நீர் வச்சிருக்கேன். தொடச்சுத் துணி மாத்தணும்" என்றாள். கணவனைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

முகம், கை, கால். இரண்டு பெண்களுக்கும் நடுவில் துண்டு பிழியும் சத்தம் மட்டுந்தான்.

"முதுகு பாக்கி. நான் திருப்பிப் பிடிச்சுக்கறேன், நீ தொடச்சு விடு."

நாத்தனார் துணியை விலக்குவதற்கு முன்பே முகத்தைச் சுளித்துக்கொண்டாள். இரண்டு வருஷம் எழுந்திருக்காத உடம்பு. விலக்கியதும் அவள் கை அப்படியே நின்றது. இடுப்பெலும்பு தோலைத் தள்ளிக்கொண்டு தெரிந்தது. அதன் மேலும் ஒரு படுக்கைப்புண் இல்லை. குனிந்து குதிகால்களைப் பார்த்தாள். அங்கேயும் இல்லை. துண்டைப் போட்டுவிட்டு, வெறும் கையால் மேலிருந்து கீழே தடவினாள். மறுபடியும் மேலிருந்து.

"ராத்திரில எல்லாம் எத்தன தடவ திருப்பிப் போடுவீங்க, அண்ணி?"

"எண்ணுனதில்ல. முனகுனா திருப்புவேன்."

இருவருமாக உடம்பை மெல்ல மல்லாக்கப் படுக்க வைத்தார்கள்.

"தண்ணி ஆறிடுச்சு" என்றாள் நாத்தனார். "நீங்க உக்காருங்க. நான் வேற கொண்டாறேன்."

வாளியை எடுத்துக்கொண்டு போனாள். குளியலறைக் கதவு சாத்தப்பட்டது. குழாய் திறந்தது. வாளி நிறைந்து, வழிந்து, தரையில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. குழாயை யாரும் மூடவில்லை.

மருமகள் எழப் பார்த்தாள். பிறகு நாற்காலியிலேயே இருந்துவிட்டாள்.