கடலில் வண்டி கழுவியவர்

மூன்று வருடமாக மகள் நந்திதா கெஞ்சியும், "கடல்ல என்னத்தப் பாக்கறது, தண்ணிதானே" என்று தட்டிக்கழித்த மனிதர் செங்கோட்டையன். தாராபுரத்துப் பக்கம் தென்னந்தோப்பும் அமராவதி வாய்க்காலும் இருக்க, வேறு தண்ணீர் எதற்கு என்பது அவர் கட்சி. அப்படிப்பட்டவர் இந்தத் தை மாதம் தாமாகவே, "தூத்துக்குடி போய், கடலோரமாவே ராமேஸ்வரம் வரைக்கும் வண்டியில போலாமா கண்ணு" என்றதும் வீடே அசந்துபோனது. மனைவி வள்ளியாத்தாள் அவர் நெற்றியைத் தொட்டே பார்த்தாள்.

காரணத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சோமனூரில் தறி ஓட்டும் குமாரசாமி தன் தம்பி மகனுக்கு நந்திதாவைக் கேட்டிருந்தார். நல்ல குடும்பம், பையனும் குணமானவன், நந்திதாவும் அவனிடம் பேசிப் பார்த்துவிட்டுச் சரி என்றிருந்தாள். குமாரசாமிக்கு இருந்தது ஒரே ஒரு மனக்குறை. "புள்ள புல்லட்டுல போறது வாறது எங்க ஒறம்பரை சொந்தபந்தத்துக்குச் செரிப்பட்டு வராதுங்க. அத மட்டும் வித்துப்போடச் சொல்லுங்க. ஞாயித்துக்கெழம சாயங்காலம் கூப்புடறேன், ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க" என்றிருந்தார்.

அந்த வண்டி நந்திதா கோயமுத்தூரில் வேலைக்குப் போய்ச் சொந்தச் சம்பளத்தில் வாங்கியது. மகள் கடைசியாக ஒரு தரம் ஆசை தீர ஓட்டட்டும், ஞாயிற்றுக்கிழமை பக்குவமாகச் சொல்லி விற்க வைத்துவிடலாம் என்பது செங்கோட்டையன் போட்ட திட்டம். அதைப் பெருந்தன்மை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

சனிக்கிழமை தூத்துக்குடியில் தங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் புல்லட்டில் நந்திதாவும் தம்பி நிதீஷும், பழைய ஸ்பிளெண்டரில் செங்கோட்டையனும் வள்ளியாத்தாளுமாகக் கடற்கரைச் சாலையில் கிளம்பினார்கள். உப்பளம் முடிந்தால் பனங்காடு, பனங்காடு முடிந்தால் உடைமரம். வேம்பார் தாண்டி ஒரு மீனவர் குப்பத்தருகே மற்ற மூவரும் நிழலில் உட்கார்ந்து புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். செங்கோட்டையன் தன் வண்டியைப் பார்த்தார். வழியெல்லாம் ஏறிய புழுதி. எதிரே கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். ஊரில் வாரா வாரம் வாய்க்காலுக்குள் வண்டியை இறக்கித் தேய்த்துக் கழுவிப் பழகிய கை, சும்மா இருக்குமா?

யாரிடமும் சொல்லாமல் வண்டியை ஓட்டிக்கொண்டுபோய் அலையோரத்தில் நிறுத்தினார். துண்டை நனைத்து டேங்கைத் துடைக்க ஆரம்பித்தார். வாய்க்கால் தண்ணீர் அதன் போக்கில் போகும். கடல் அப்படியா? ஒரு அலை வந்து சக்கரத்துக்கு அடியில் இருந்த மணலை அரித்துக்கொண்டு போனது. அடுத்த அலைக்கு வண்டி அப்படியே சாய்ந்து அவர் காலின் மேல் விழுந்தது.

கத்தல் கேட்டு ஓடிவந்த மீனவர் ஒருவர் அவரை இழுத்து வெளியே போட்டுவிட்டு, "அண்ணாச்சி, கடல்ல போய் யாராவது வண்டி கழுவுவாவளா?" என்று உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பியவர் போலக் கேட்டார். செங்கோட்டையனுக்கு மானம் போனது. அதை மறைக்க வண்டியை உடனே கிளப்பிக் காட்டிவிடலாம் என்று நொண்டிக்கொண்டே சாவியைத் தேடினார்.

"சாவியத் தொடாதீங்கப்பா" என்றாள் நந்திதா. "இஞ்சினுக்குள்ள தண்ணி போயிருக்கும். இப்பக் கெளப்புனா உள்ள எல்லாம் ஒடஞ்சுபோயிருமுங்க."

அதற்குமேல் அவள் அவரைத் திட்டவில்லை, கேலியும் செய்யவில்லை. நிதீஷை விட்டுப் பனையோலைகளை இழுத்துவரச் செய்து சக்கரத்துக்குப் பின்னால் பரப்பினாள். மீனவர்களோடு சேர்ந்து தானும் தோள்கொடுத்து வண்டியை மேட்டுக்கு ஏற்றினாள். பிளக்கைக் கழற்றிவிட்டு நிதானமாகக் கிக்கரை மிதித்தாள். ஓட்டை வழியே கடல் பீய்ச்சிக்கொண்டு வந்தது. இஞ்சின் எண்ணெயைத் தொட்டுப் பார்த்தாள், வெளுக்கவில்லை; அதில் தண்ணீர் கலக்கவில்லை. உப்பை அலசக் குப்பத்துப் பெண் ஒருத்தியிடம் நல்ல தண்ணீர் கேட்டாள். அங்கே நல்ல தண்ணீருக்கு எவ்வளவு கஷ்டம் என்று பார்த்தவள், அலசிக் காலியான குடத்தைத் தானே தெருக்கோடிக் குழாயில் நின்று நிரப்பி இடுப்பில் சுமந்துவந்து வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடர்ந்தாள். செங்கோட்டையன் பனை மரத்தடியில் காலை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இது நான் பெற்ற பிள்ளையா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

வண்டி இருமி இருமிக் கிளம்பியது. ஆனால் அவர் கால் வீங்கி, செருப்புக்குள் நுழையவில்லை. "அம்மாவ நிதீஷ் உங்க வண்டியில கூட்டிட்டு வரட்டும். நீங்க எம்பொறகால ஏறுங்கப்பா" என்றாள் நந்திதா.

விவரம் தெரிந்த நாளிலிருந்து செங்கோட்டையன் யார் வண்டியிலும் பின்னால் உட்கார்ந்ததில்லை. பஸ்ஸில் போனால்கூட டிரைவரை நம்பாமல் ஊர் வரும்வரை கண்ணை விழித்துக்கொண்டு வருகிறவர். முதல் மூன்று மைலுக்கு இல்லாத பிரேக்கை இல்லாத இடத்தில் மிதித்துக்கொண்டே வந்தார். கடற்காற்று பக்கவாட்டில் அடித்தது. உப்பு லாரி ஒன்று உரசுகிறமாதிரி போனது. வளைவில் ஓர் ஆட்டுமந்தை குறுக்கே வந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் ஒவ்வொரு முறையும் அவள் வேகத்தைக் குறைத்திருந்தாள். பள்ளம் வந்தால் அப்பனின் கால் அதிராதபடி ஒதுக்கி எடுத்தாள். இவ்வளவு அழகாக வண்டி ஓட்ட முடியும் என்று அவருக்கு இத்தனை வயதுக்கு யாரும் காட்டித் தந்ததில்லை. நெஞ்சு நிறைந்துவிட்டது. பிறகு என்ன நடந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

செல்போன் சத்தத்தில் விழித்தபோது அவர் தலை மகளின் முதுகில் சாய்ந்திருந்தது. அவளுடைய இடது கை, அவர் சரிந்துவிடாதபடி அவர் கையைத் தன் இடுப்போடு சேர்த்துப் பிடித்திருந்தது. வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது.

ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தினாள். செங்கோட்டையன் இறங்காமலே போனை எடுத்தார்.

"ஏனுங்க, நல்லா இருக்கறீங்ளா? அந்த வண்டி விசயம் என்னாச்சுங்க?" என்றார் குமாரசாமி.

"விக்கறதா இல்லீங்க."

"அப்படி வெடுக்குனு சொன்னா எப்படிங்க? நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"பேசட்டுமுங்க. ஒண்ணு பண்ணுங்க. மாப்பிள்ளத் தம்பிய ஒரு நா எங்கூருக்கு அனுப்பி வைங்க. எம்புள்ள வண்டியில பின்னால உக்காந்து பழனி வரைக்கும் போய்ட்டு வரட்டும். அவருக்குத் தூக்கம் வந்துதுன்னா நாம மேக்கொண்டு பேசிக்கலாமுங்க."

"தம்பியக் கேட்டுச் சொல்றனுங்க" என்று குமாரசாமி போனை வைத்தார்.

நந்திதா இரண்டு டீயோடு அசையாமல் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கண் கலங்கியிருந்தது.

"இத விக்கச் சொல்லத்தான் கூட்டிட்டு வந்தீங்களாப்பா?"

"ஆமா கண்ணு."

"அப்பறம் எப்ப மனசு மாறுனீங்க?"

செங்கோட்டையன் டீயை வாங்கிக்கொண்டு யோசித்துப் பார்த்தார்.

"தூங்கிட்டு இருந்தப்ப" என்றார்.