நிமிர்த்திய தலைகள்

திஸில் என்கிற ஊதாப்பூ முட்செடியை இனம் பிரிப்பது போல வயிற்றெரிச்சல் பிடித்த வேலை வேறு இல்லை. ஒரே செடியில் மேல் இலை ஒரு மாதிரி, கீழ் இலை வேறு மாதிரி. ஈரத்தில் முளைத்தால் ஆள் உயரம், பாறையில் முளைத்தால் முழங்கால் உயரம். காலையில் வைத்த பெயரை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றாத நிபுணர் கிடையாது.

உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் அந்தக் காப்பகத்தில், இருபத்திரண்டு வருடமாக இந்தத் தலைவலியைச் சுமப்பவரை எல்லோரும் முள்ளக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். செடியைப் பார்த்து வைத்த பெயர் என்பார்கள் சிலர். குணத்தைப் பார்த்து வைத்தது என்பார்கள், அவரிடம் திட்டு வாங்கியவர்கள்.

மூன்று வாரம் முன்பு சுரங்கத் துறையிலிருந்து கடிதம் வந்தது. மலையின் கிழக்குச் சரிவில் கல் வெட்டப் போகிறார்கள். அங்கிருக்கும் திஸில் தனி இனமா, சாலையோரத்தில் மண்டிக் கிடக்கும் அதே இனமா? தனி என்றால் சரிவு தப்பும். முள்ளக்கா பன்னிரண்டு தாள்களை எடுத்தார். எல்லாம் சர்வேயரான அவர் கணவர் ஒரு காலத்தில் அங்கே பறித்து வந்தவை. இலை, முள், ரோமம் எல்லாவற்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அளந்தார். “சாதாரண இனமே. மாறுபடும் இயல்புடையது” என்று சீட்டெழுதிப் பன்னிரண்டு தாளிலும் ஒட்டி, அதையே பதிலாகவும் அனுப்பினார்.

மாறுபடும்! புரியாததையெல்லாம் மூடி வைக்க நிபுணர்களுக்குக் கிடைத்த அருமையான போர்வை அந்த வார்த்தை.

இன்று தாள்களை அலமாரிக்குத் திருப்பும்போது, சன்னல் வெயில் சாய்வாக விழுந்தது. பூவுக்குக் கீழே, காம்பின் கழுத்தில், ஒரு பக்கம் மட்டும் சின்னச் சுருக்கம். அடுத்த தாளிலும் அதே. லென்ஸை வைத்துப் பார்த்தார். பன்னிரண்டிலும் இருந்தது. இயல்பாக நேராக நிற்கும் காம்பில் சுருக்கம் விழாது. வளைந்ததை யாரோ நிமிர்த்தியிருக்கிறார்கள். சாலையோரத் திஸில் எவ்வளவோ மாறும்; ஆனால் அதன் பூ வானத்தைத்தான் பார்க்கும். அது மட்டும் மாறாது.

லென்ஸைக் கீழே வைத்தார். கணவருக்குப் போன் போட்டார்.

“என்னங்க, அந்தச் சரிவுல பறிச்சீங்களே, பூ மேல பாத்து இருந்துச்சா, கீழயா?”

“கீழதான். எல்லாமே திட்டு வாங்கின பிள்ளைங்க மாதிரி தலையத் தொங்கப் போட்டுட்டு நிக்கும்.”

“அப்புறம் எதுக்கு நிமிர்த்தினீங்க?”



“நீதானேம்மா சொன்னே? மொத தடவை இருந்த மாதிரியே கொண்டுவந்தேன். பூவெல்லாம் இலைக்கடியில போயிடுச்சு, எப்படி அளக்கிறதுன்னு மொத்தத்தையும் குப்பையில போட்டே. மறுவாரம் திரும்ப ஏறிப் போய், ஒவ்வொரு தலையா நிமிர்த்தி, தாளுக்கு நடுவுல வெச்சு அழுத்தினேன். அன்னிக்குத்தான் அழகா இருக்குன்னு சொன்னே.”

சொன்னது ஞாபகம் வந்தது. மூன்று வாரமும் ஒரே மேசையில் சாப்பிட்ட மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை என்பதும் கூடவே வந்தது.

சுரங்கத் துறையில் போனை எடுத்தவர், வேலை போன வாரமே ஆரம்பித்துவிட்டது என்றார். கணவர் வண்டியைக் கொண்டுவந்தார்.

சரிவு என்று எதுவும் இல்லை. வெறும் மஞ்சள் மண். புல்டோசர் ஓட்டுநர் இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

“என்னம்மா தேடுறீங்க?”

“ஊதாப்பூ. தலை குனிஞ்ச முள்ளுச்செடி.”

“அதுவா? என் பேன்ட்டையே கிழிச்சிடுச்சு. முந்தாநாள்தான் கடைசியா வழிச்செடுத்தோம். ஓரமா ஒண்ணு நிக்குது பாருங்க.”

ஐம்பத்தாறு வயதில் முள்ளக்கா ஓடினார். மண்மேட்டுக்குப் பின்னால் ஒற்றைச் செடி. அதன் பூ வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நின்றது, சாலையோரத்து இனம். அவர் அதன் முன்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். ஓட்டுநர் பாவம், இந்த முள்ளுக்கா இவ்வளவு என்று விழித்தார்.

காப்பகத்தில் ஒரு விதி உண்டு. தப்பாக எழுதிய சீட்டைக் கிழிக்கக் கூடாது. புதியதை அதன் பக்கத்தில் ஒட்ட வேண்டும். திரும்பி வந்து பன்னிரண்டு புதுச் சீட்டு எழுதினார். “சாதாரண இனம் அல்ல. தனி இனம். பூ குனிந்திருக்கும். முந்தைய முடிவு என் பிழை.”

பக்கத்தில் நின்ற கணவர் மெதுவாகச் சொன்னார்: “என் பேரையும் போடும்மா. நிமிர்த்தினது நான்தானே.”

“நீங்க மொதல்ல கொண்டுவந்தது சரியாத்தான் இருந்துச்சு. குப்பையில போட்டது நான்.”

சீட்டின் கடைசியில் ஒரு கட்டம் மிச்சமிருந்தது: தற்போது காணப்படும் இடம். முள்ளக்கா பேனாவை வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு அலமாரியின் எண்ணை எழுதினார்.